மோகனப்பிரியாவின் இணைச்சீர்

என் சித்தப்பா மகள் மோகனப்பிரியாவை எனக்கு இன்னும் புரியவில்லை. முன்பெல்லாம் சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்றால் பந்தியைக் கவனிப்பதும் அவள்தான், கடைசியில் மண்டபத்துச் சாவியைத் திருப்பிக் கொடுப்பதும் அவள்தான். நாலு வருடமாகக் கழுத்து, முதுகு, தொடை என்று வலி. இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே. கோயமுத்தூரில் அவள் எடுக்காத ஸ்கேன் இல்லை. எல்லாவற்றிலும் ஒன்றுமில்லை என்றே வந்தது. கடைசியில் ஒரு டாக்டர் ஃபைப்ரோமயால்ஜியா என்று பேர் சொன்னார். பேர் கிடைத்ததே தவிர வலி போகவில்லை.

அப்புறம் மனநல ஆலோசகர் ஒருவரிடம் போனாள். அந்த அம்மா சொன்னதை இவள் வந்து சொல்லக் கேட்டு எனக்குத் தலை சுற்றியது. வலி நிஜம்தானாம், ஆனால் வலிக்கிற இடம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லையாம். நன்றாக இருக்கிற நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாதாம். முடியாத நாளில் முழுக்கப் படுத்துவிடவும் கூடாதாம்.

“அப்ப என்னதான் பண்ணோணுமாமா?” என்றேன்.

“எனக்கும் பாதிதானுங்கக்கா புரியுது” என்று சிரித்தாள். வலிக்கிறவள் சிரிப்பாளா? எனக்கு எரிச்சலாக வந்தது.

இந்தத் தையில் அவள் தம்பி திருமூர்த்திக்கு அவிநாசியில் கல்யாணம். எங்கள் பக்கம் மாப்பிள்ளையோடு பிறந்தவள் இணைச்சீர் செய்ய வேண்டும். பட்டுச்சேலை கட்டி, பேழைமூடி என்கிற மூங்கில் கூடையைத் தலையில் வைத்து, கையில் நீர்ச்சொம்போடு மணவறையைச் சுற்றி வர வேண்டும். அவனுக்கு இவள் ஒரே அக்கா.

ஆனால் கல்யாண வேலை எதற்கும் இவள் வரவில்லை. ஜவுளி எடுக்க வரவில்லை, பத்திரிகை வைக்க வரவில்லை. பலகாரம் சுடக் கூப்பிட்டால், “என்னால ஆகாதுங்க” என்று முகத்துக்கு நேரே சொன்னாள். எங்கள் சனத்தில் அப்படிச் சொல்கிற வழக்கமே கிடையாது. ‘பாக்கலாமுங்க’ என்போம், பிறகு போகாமல் இருந்துவிடுவோம்.

“வேலைக் கள்ளிக்குப் பிள்ளை மேல சாக்கும்பாங்க. இவ பிள்ளைதான் பெருசாயிருச்சே, அதனால வலியப் புடிச்சுக்கிட்டா” என்றார் எங்கள் அத்தை காளியாத்தாள். எல்லோரும் சிரித்தோம்.

அவள் வீட்டுக்காரர் கிருபாசங்கர் பயந்துபோய் என்னிடம் வந்தார். “ஏனுங்க, அவளுக்கு ஒண்ணுமே முடியறதில்லைங்க. இணைச்சீர நீங்க செஞ்சு குடுத்துருங்க. அவகிட்ட நான் பேசிக்கறேன்.” பெரியப்பா மகள் செய்தாலும் முறைதான். சரி என்றேன்.

மனுசன் அவளிடம் பேசவே இல்லை. கல்யாணத்தன்று சீருக்கு நான் தயாராக நிற்கிறேன். அவளும் தலை குளித்துப் பட்டுடுத்தி வந்து நிற்கிறாள். என்னைப் பார்த்தாள், பேழைமூடியைப் பார்த்தாள், பிறகு வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் ஃபேனைப் பார்த்தார்.

“நீதான் எதுக்குமே வரலையே, கண்ணு” என்றேன்.

“இதுக்கு வரோணும்னுதானுங்கக்கா அதுக்கெல்லாம் வரலை. ஒரு நா ஜவுளிக்கடைல நின்னா மறுநா எந்திரிக்க முடியறதில்லை. அத்தனையும் விட்டுப்போட்டு இது ஒண்ணுக்குத்தான் தெம்பு சேத்தி வெச்சிருந்தேன்.” சொல்லிவிட்டு உடனே தன்னைத் திருத்திக்கொண்டாள். “பரவால்லைங்கக்கா, நீங்களே செய்யுங்க.”

பேழைமூடியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஓரடி பின்னால் நகர்ந்தாள். கிருபாசங்கர் மேலும் கோபம், இவள் மேலும் கோபம், என் மேலும் கோபம் எனக்கு.

“பேசாம வா. கீழ போட்டுருவியா?”

“தெரியலைங்கக்கா.”

பேழைமூடியை எடுத்து அவள் தலையில் வைத்தேன். மூச்சை மெல்ல விட்டு விட்டு, அடி மேல் அடி வைத்துச் சுற்றினாள். திருமூர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே எதுவும் விழவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஏனம்மிணி அன்புக்கரசி, பாத்தியா? நல்லாத்தான இருக்கறா. இத்தன நாளும் நடிப்பு” என்று என்னிடம் சொன்னார் பக்கத்தில் நின்ற அத்தை. எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த மோகனப்பிரியாவின் காதிலும் அது விழுந்தது. அத்தையிடம் சண்டைக்குப் போகலாம் என்றால் எதைக் காட்டிப் பேசுவது? ஸ்கேனிலேயே ஒன்றும் இல்லையே.

இரண்டு நாள் கழித்துப் பலகாரம் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். படுத்திருந்தாள். சீப்பைப் பிடிக்கக்கூடக் கை எழவில்லை. கிருபாசங்கர்தான் தலை வாரி விட்டிருந்தார், வகிடு கோணலாக இருந்தது.

“ரொம்ப வலிக்குதா?”

“வலிக்குதுங்கக்கா. இது தெரிஞ்சு வாங்குன வலி, இருந்துட்டுப் போவுது. ஆனா படுத்தாலும் நடிப்புங்கறாங்க, எந்திரிச்சு செஞ்சாலும் நடிப்புங்கறாங்க. நான் எப்புடி இருந்தா நம்புவாங்க?”

கோணலாக இருந்த வகிட்டை விரலால் நேராக்கப் பார்த்தேன்.

“நீங்களாவது நம்பறீங்களாக்கா?”

“நம்பறேன் கண்ணு” என்றேன். சொன்ன பிறகும் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.