மடியில் வந்த கூறை

கழுத்தடியில் சரிகை உரசிய அந்தச் சொறிச்சலை என் தோல் இன்றைக்கும் மறக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சட்டை, அதற்குமேல் முழுப்பாவாடை, அதற்கும்மேல் அம்மாவின் கம்பளிச் சட்டை என்று போட்டுக்கொண்டு, கையை மடக்கக்கூட முடியாமல், பத்து வயதில் லண்டன் விமான நிலையத்தில் நான் நின்ற நிற்பு அப்படி.

சித்தப்பாவுக்கு ஜேர்மனியில் கல்யாணம். பதிவு வேலைகளுக்காக அவர் முன்னரே போய்விட்டதால், மணவறையில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்கும் "கூறை" என்ற பட்டுச்சேலையைக் கொண்டுபோகும் பொறுப்பு, அண்ணி என்ற முறையில் அம்மாவுக்கு வந்தது. சிட்னியிலிருந்து லண்டனில் வந்து இறங்கியபோது எங்கள் பெரிய பெட்டி ஒன்று வந்து சேரவில்லை. அத்தோடு விமானத்தின் அடியில் போடும் சாமான்களில் அம்மாவுக்கு நம்பிக்கை விட்டுப்போயிற்று. "கூறை என்ரை கையை விட்டுப் போகாது" என்று சொல்லிவிட்டார். விடிந்தால் கல்யாணம், ஜேர்மனிக்கு எங்களுக்கு அகப்பட்டதோ ஆளுக்கு ஒரு சின்னப் பை மட்டும் அனுமதிக்கும் மலிவு விமானம்.

அப்பாவுக்கு இந்த விஷயத்தில் அசைக்க முடியாத தன்னம்பிக்கை. சிட்னியிலிருந்து மெல்பேர்னுக்குப் பறக்கும் மலிவு விமானங்களில் கைப்பையை நிறுத்துப் பார்ப்பார்கள் என்பதால், சிட்னியில், ஹோம்புஷில் இருந்த எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு தொங்குதராசு வைத்திருந்தார். அதில் மாட்டிப் பார்க்காமல் எந்தப் பையையும் அவர் வாசல் தாண்ட விட்டதில்லை. அந்தத் தராசும் எங்களோடு லண்டனுக்கு வந்திருந்தது. "நிறை கச்சிதம். ஒருத்தரும் வாய் திறக்கேலாது" என்றார். திறந்தார்கள். அங்கே தராசையே காணோம். விமானத்துக்கு ஏறும் வாசலில் ஓர் இரும்புக் கூடு நின்றது, பை அதற்குள் இறங்க வேண்டும். எங்கள் மனிதர் உலகம் முழுவதும் நிறைதான் பார்ப்பார்கள் என்று நம்பி, நீள அகலத்தை எட்டியும் பார்க்கவில்லை. கூறை இருந்த பை பாதியில் நின்றுவிட்டது.

பையைக் கீழே அனுப்பச் சொன்னாள் வாசலில் நின்ற பெண். அம்மா தரையில் குந்தி, பையைத் திறந்து, உள்ளே இருந்ததை எல்லாம் எனக்கும் தனக்கும் மாட்டத் தொடங்கினார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவும் செய்தும் பை இறங்கவில்லை. சேலை கசங்கக்கூடாதென்று அம்மா வைத்திருந்த அட்டைப்பெட்டி தட்டியது.

"இஞ்சரும், கூறையையும் மேலாலை சுத்திக்கொள்ளுமன். ஆர் பாக்கினம்?" என்றார் அப்பா.

"கல்யாணப் பொம்பிளைக்கு முன்னம் நான் உடுக்கிறதோ? உங்களுக்கு விசரே?"

சொல்லிக்கொண்டே அம்மா பெட்டியைத் திறந்து, கூறையைச் சுற்றியிருந்த வெள்ளைத் துணியோடு பைக்குள் வைத்து, வெறும் பெட்டியை அப்பாவின் கையில் திணித்தார். "இந்தாங்கோ, நீங்கள் இதை உடுங்கோ." பை சறுக்கிக்கொண்டு கூட்டுக்குள் இறங்கியது.

விமானம் கிளம்பியதும் அம்மா கூறையை எடுத்து மடியில் வைத்தவர்தான், இறங்கும்வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறுநாள் சித்தி அதை உடுத்து, ஒரு கசங்கலும் இல்லாமல் மணவறைக்கு மீண்டும் வந்தபோது, அம்மா என்னைத் தேடித் திரும்பிப் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் எனக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது.

இப்போது நான் மெல்பேர்னில், ரோவிலில் இருக்கிறேன். தொங்குதராசு வீடு மாறியதில் எங்கேயோ போயிற்று. கூறை சுமந்துகொண்டு கடல் தாண்டுகிறவர்களையும் காணோம். இந்த வருடம் நடந்த என் கல்யாணத்துக்குக் கனடாவிலிருந்த மாப்பிள்ளை வீட்டார் கணினியில் தெரிவு செய்த கூறை, கடையிலிருந்து நேரே கூரியரில் என் வாசலுக்கு வந்து கிடந்தது. அம்மா பிளாஸ்டிக் உறையைப் பிரித்து அதைத் தடவிப் பார்த்தார். "ஒருத்தற்றை மடியிலும் இருக்காமல் வந்திருக்கு, பாவம்" என்றார்.

கல்யாணத்தன்று மண்டபத்துக்குக் காரில் புறப்படும்போது, "பின்னுக்கு வையுங்கோ அம்மா, சாமான் வைக்கிற பூட்டிலை எவ்வளவு இடம் கிடக்கு" என்றேன்.

"நீ சும்மா வா" என்றார், கூறையை மடியில் வைத்து, அதற்கும் சேர்த்து சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு.