டப்பாவின் பின்பக்கம்

ஆன்லைனில் பொருள் விற்பதில் பாதி வேலை போட்டோ எடுப்பதுதான். லிப்ஸ்டிக், கண்மை, நெயில்பாலிஷ் என்று மொத்தமாக வாங்கி, நாமக்கல்லில் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் வெள்ளைத் துண்டு விரித்து, ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் எடுப்பேன். விற்பனை ஆப்பில் பின்பக்கப் படம் கட்டாயம். யார் செய்தது, என்ன கலந்தது, எந்தத் தேதிவரை தாங்கும் என்பதெல்லாம் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் ஏற்ற மாட்டார்கள்.

அந்த நைட் கிரீம் வந்த அன்றே எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. சூரமங்கலம் பார்சல் ஆபீஸில் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போதே ஒரு டப்பாவை எடுத்துப் பார்த்தேன். தங்க நிற மூடி, உள்ளே நல்ல வாசனை. பின்பக்கம் மொட்டையாக இருந்தது, ஓர் எழுத்துக்கூட இல்லை. அனுப்பிய வியாபாரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எல்லாரும் அப்படித்தான் விக்கிறாங்க மேடம், சூப்பரா போகும்" என்றார். திருப்பி எடுக்க மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

ஆப் இரண்டு முறை தள்ளிவிட்டது. அதனால் என் வாட்ஸ்அப் குரூப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே எல்லாருமே எனக்குத் தெரிந்த பெண்கள். பின்பக்கத்தைக் காட்டு என்று ஒருத்தியும் கேட்க மாட்டாள். முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்து, தொண்ணூற்றொன்பது ரூபாய் என்று போட்டேன். ஈ காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்மையோடு சேர்த்து காம்போவாகப் போட்டேன். கண்மையை மட்டும் தர முடியுமா என்றார்கள்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. நாசமாய்ப் போன மூளை. என் வீட்டுக்காரர் முட்டை லாரி ஓட்டுகிறார். எங்கள் ஊரில் முட்டைக்குத் தினம் ஒரு விலை, அதைக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். விலை ஏறுகிறது என்றால் சரக்குக்கு மவுசு என்று அர்த்தம். கிரீமுக்கும் அதையே செய்தேன். ஒரு வாரம் பேச்சே எடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் காலையில், "இன்றைய ரேட் 350" என்று மட்டும் போட்டேன். மறுநாள் 355. அதற்கு மறுநாள் 365. தொண்ணூற்றொன்பதுக்குச் சீண்டாதவர்கள், நாளைக்கு இன்னும் ஏறிவிடும் என்று ஆளுக்கு இரண்டு வாங்கினார்கள்.

பத்தே நாளில் முகம் வெளுத்துவிட்டது என்று போட்டோக்கள் வர ஆரம்பித்தன. எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. நல்ல கிரீம் எதுவும் பத்து நாளில் அப்படிச் செய்யாது என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுநாள் காலை ஐந்து ரூபாய் ஏற்றினேன்.

ஒரு மாதம் கழித்து எருமப்பட்டியிலிருந்து ஒரு பெண் குரூப்பில் எழுதினாள். "அக்கா, நாலு நாள் போடாம உட்டேனுங்க. மொகமெல்லாம் செவந்து வீங்கி எரியுதுங்க. திரும்பப் போட்டாத்தான் அடங்குது. என்ன பண்றதுன்னு தெரியலீங்க."

அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் முதலில் அந்தச் செய்தியை அழித்தேன். குரூப் அட்மின் நான்தானே. அவளுக்குத் தனியாக, உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று எழுதினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோகனூரில் நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவர் மகளுக்கு மூன்று வாரத்தில் கல்யாணம். அந்தப் பெண்தான் காபி கொண்டுவந்தாள். உரித்த முட்டை மாதிரி இருந்தது முகம். கண்ணாடிக்குக் கீழே தங்க மூடி போட்ட டப்பாக்கள் நான்கு அடுக்கியிருந்தன.

"இதை யாருகிட்ட வாங்குனீங்க அண்ணி?" என்று நாத்தனாரைக் கேட்டேன்.

"உன்ர சரக்குதான் சாமி" என்று சிரித்தார். "நான் கேட்டா நீ காசு வாங்க மாட்டே. அதான் பக்கத்து ஊட்டுக்காரி பேருல வாங்குனேன். ஒரு மாசமாப் போடறா."

எங்கள் பக்கம் இது வழக்கம்தான். சொந்தக்காரர் வியாபாரம் செய்தால், அவர்களுக்குச் சங்கடம் வராமல் வேறொருவர் மூலம் முழு விலை கொடுத்து வாங்குவார்கள். அதை ஒரு மரியாதையாகவே நினைக்கிறோம்.

ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பினேன்.

"அதுல ஒண்ணுமே எழுதலீங்க அத்தை" என்றாள் அந்தப் பெண். "நானும் மொத நாளே பார்த்தேன். உங்கத்தை விக்கறது, பயமில்லேன்னு அம்மா சொன்னாங்க. அதான் போட்டேன்."

"இன்னையோட நிறுத்திரு சாமி" என்றேன்.

"ஏனுங்க அத்தை? நிறுத்தினா என்னங்க ஆகும்?"

நாத்தனாரும் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என்ன ஆகும் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். எருமப்பட்டிப் பெண் எழுதியதை மற்றவர்கள் படிப்பதற்குள் நான்தான் அழித்துவிட்டேனே.