ஒட்டுப் போட்ட கோட்டு

அலுவலகத்தில் அவரை எல்லோரும் டேப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வீடியோ கேம் செய்கிற இடத்தில் அளவெடுக்கும் டேப்புக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். கழுத்தில் அது தொங்காவிட்டால் அவருக்குக் கை ஓடாது. பதினோரு வருடம் ஒரு சீருடைக் கம்பெனியில் துணி வெட்ட அளவு போட்டவர், அதையே கம்ப்யூட்டரில் போடக் கற்றுக்கொண்டு நாற்பது வயதில் இங்கே வந்து சேர்ந்தார். ஊர் ஊராகச் சுற்றி அரக்கர்களோடு மோதும் விளையாட்டு அது. அதில் வீரர்கள் போடும் சட்டை, கோட்டு, கவசம், செருப்பு எல்லாம் அக்காவின் கைவேலை. எதைப் போட்டால் குளிர் தாங்கும், எதைப் போட்டால் அம்பு தைக்காது என்று முடிவு செய்வதும் அவர்தான்.

மூன்று வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு உருப்படிகள். "ஆள் பாதி ஆடை பாதிம்பாங்க. நம்ம கேம்ல ஆடைதான் முக்கால்" என்று பீற்றிக்கொள்வார். பெருமை பிடித்த மனுஷிதான், மறைப்பானேன்?

அந்தப் பெருமையில் ஒரு திங்கட்கிழமை மண் விழுந்தது. மேனேஜர் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அக்கா, உங்க துணிய யாருமே போட மாட்டேங்கறாங்க. விளையாடிப் பாத்தவங்க எல்லாம் முதல்ல குடுத்த கந்தலோடயே கடைசி வரைக்கும் போறாங்க. நல்லதெல்லாம் மூட்டையில தூங்குது."

"போடாம எதுக்குச் சேத்து வைக்கிறாங்க?"

"அதைத்தான் நான் உங்ககிட்ட கேக்கறேன். அடுத்த வெள்ளிக்கிழமை இருபது பேர் விளையாட வர்றாங்க. அன்னிக்கும் இதே கதைன்னா ஆளுக்கு ஒரே டிரஸ் போதும்னு மேல சொல்லிட்டாங்க. உங்களை மரம், செடி வரையற பக்கம் மாத்திடுவாங்க."

மரமாம், செடியாம்! அன்றே ஒரு கோட்டை எடுத்துத் திருத்த உட்கார்ந்தார் அக்கா. கோட்டுக்குப் பலத்தைக் கூட்டினார். பளபளப்பைக் கூட்டினார். பக்கத்து மேசைக்காரரை விளையாட விட்டுப் பார்த்தார். அந்த மகராசனும் கோட்டை எடுத்தார், மெச்சினார், பத்திரமாக மூட்டைக்குள் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கத்தரிக்கோலைத் தேடிக் கணவரின் அலமாரியைத் திறந்தார். கணவர் பள்ளி பஸ் ஓட்டுபவர். போன வருடம் அக்கா தைத்துக் கொடுத்த மூன்று சட்டைகளும் மடிப்புக் கலையாமல் அங்கே இருந்தன. அவரோ முழங்கை வெளுத்த பழைய சட்டையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"நாய் பெற்ற தெங்கம்பழம்னு சும்மாவா சொன்னாங்க? நீங்களும் போட மாட்டீங்க, யாருக்கும் குடுக்கவும் மாட்டீங்க."

"கோவிச்சுக்காதம்மா. பஸ்ல போட்டா கிழிஞ்சிடும். நீ தைச்சதாச்சே, போனா வருமா? நல்ல நாளாப் பாத்துப் போடலாம்னு இருந்தேன்."

"அந்த நல்ல நாள் என்னிக்கு?"

அவர் செய்தித்தாளை மடித்தார். "அது தெரியலையே" என்றார்.

திட்ட வாயெடுத்த அக்காவுக்குத் தன் கேம் நினைவுக்கு வந்தது. நூறு அடி விழுந்தால் துணி கிழிந்து மறைந்துவிடும் என்று விளையாட்டில் விதி வைத்தது யார்? அக்காவேதான். துணி என்றால் கிழிய வேண்டும், கம்பெனியில் நான் பார்க்காததா என்று மேனேஜரோடு மல்லுக்கு நின்று வாங்கிய விதி. கிழிந்தால் போச்சு என்று தெரிந்தால் எவன் உடுத்துவான்?

திங்கட்கிழமை புரோகிராமரின் கையைக் காலைப் பிடித்து விதியை மாற்ற வைத்தார். இனி துணி மறையாது, கிழியும். கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். நெருப்பில் கருகிய இடத்து ஒட்டு அடுத்த முறை நெருப்பைத் தாங்கும், ஓநாய் கடித்த இடத்து ஒட்டு பல்லைத் தாங்கும். நாலு நாளில் அறுபது விதமான ஒட்டுகளை அக்காவே வரைந்து முடித்தார்.

"ஒட்டுப் போட்ட கோட்டை எவன்க்கா போடுவான்?" என்று மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்த இருபது பேரில் ஒரு மருந்துக்கடைக்காரம்மா இருந்தார். அக்கா அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்தம்மா கோட்டு கிடைத்ததும் போட்டார். அது நெருப்பில் கருகியது. ஐயோ என்று அலறி ஒட்டுப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவரே ஓநாயைத் தேடிப் போய்க் கடி வாங்கினார். மத்தியானத்துக்குள் அந்தக் கோட்டில் ஒன்பது ஒட்டுகள். எல்லாத் திரைகளிலும் இதே கூத்துதான். எண்ணிப் பார்த்த மேனேஜர், "பத்தொன்பது பேர் போட்டிருக்காங்கக்கா! மரமும் வேணாம், செடியும் வேணாம், நீங்க இங்கயே இருங்க" என்று அக்காவின் காதில் சொன்னார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து மருந்துக்கடைக்காரம்மா கடைசி அரண்மனையின் பெட்டியைத் திறந்தார். உள்ளே தங்கக் கோட்டு. அக்கா நாலு மாதம் உயிரைக் கொடுத்துச் செய்தது, இருநூற்றுப் பன்னிரண்டில் அவருடைய செல்லம். அந்தம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டியிலேயே வைத்து மூடினார்.

"ஏம்மா, அது இதைவிட மூணு மடங்கு பலம்" என்றார் அக்கா, பொறுக்க முடியாமல்.

"இருக்கட்டும்ங்க. நான் அடிபட்டப்பல்லாம் இதுதானே கூட இருந்துச்சு. இப்போ புதுசு வந்திருச்சுன்னு கழட்டிப் போட்டுடுவாங்களா?"

நாலு மாத உழைப்பு பெட்டிக்குள் கிடந்தது. அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "வேணாம்மா, கழட்டாதீங்க" என்றார்.