கட்டுக்காரரும் மூன்று கிலோ மகளும்

வீடு மாற்றும் லாரியில் சாமான்களைக் கட்டுவதுதான் அவருக்குப் பிழைப்பு. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அவர் கட்டுக்காரர். பதினெட்டு வருஷத்தில் ஒரு கண்ணாடி பீரோ, ஒரு பூந்தொட்டி, எதுவும் அவர் கட்டி உடைந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள அவர் கூச்சப்பட்டதும் இல்லை.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து மகள் பிறந்தாள். காருக்குக் குழந்தை இருக்கை வாங்க வேண்டும் என்றார். மாமியாருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"எதுக்கு மாப்ள அதெல்லாம்? நான் மடியில வச்சு அணைச்சுப் புடிச்சுக்க மாட்டேனா?"

லாரி டிரைவர் தன் வீட்டுப் பழைய இருக்கையைச் சும்மாவே தருவதாகச் சொன்னார். அது இருந்த கார் ஒருமுறை மோதியது என்று தெரிந்ததும் கட்டுக்காரர் வேண்டாமென்று கும்பிடு போட்டுவிட்டார். வெடுக்கென்று ஒரு தரம் பாரம் இழுத்த கயிற்றையே அவர் மறுபடி தொடமாட்டார், பார்வைக்குப் புத்தம் புதுசாக இருந்தாலும் சரி. கடைக்குப் போய், குழந்தை பின்பக்கம் பார்த்து உட்காரும் புது இருக்கையாக வாங்கிவந்தார். முழங்காலை ஊன்றி அழுத்தி, பெல்ட்டை இழுத்து மாட்டினார். பிடித்து ஆட்டினால் கார்தான் ஆடியது.

ஆஸ்பத்திரியிலிருந்து மகளை அழைத்துப்போகும் நாள் வந்தது. மனிதருக்குக் கால் தரையில் பாவவில்லை. லாரியில் எதையும் கம்பளி சுற்றித்தானே கட்டுவார்? அந்தக் கை சும்மா இருக்குமா? மகளின் மார்பையும் முதுகையும் தடித்த கம்பளியால் சுற்றி, அதற்கு மேல் இருக்கையின் பட்டிகளை இறுக்கினார். வழியனுப்ப வந்த நர்ஸ் குனிந்து பார்த்தார்.

"கம்பளிய எடுங்க."

"குளிருமே, சிஸ்டர்."

"எடுங்கன்னா எடுங்க."

எடுத்தார். அதுவரை இறுக்கமாக இருந்த பட்டிக்கும் மகளின் மார்புக்கும் நடுவே இப்போது நான்கு விரல் தாராளமாகப் புகுந்தது.

"மோதினா கம்பளி அமுங்கிடும், பிள்ளை நழுவிடும். இது சரியாகாம நான் அனுப்ப மாட்டேன்."

கட்டுக்காரருக்கு முகம் செத்துப்போனது. அவர் கட்டு தளர்ந்துவிட்டது, அதுவும் சொந்தப் பிள்ளைக்கு!

"நான் சொன்னா யாரு கேக்குறா? குடுங்க இப்படி," என்று மாமியார் கையை நீட்டினார்.

"ஒரு நிமிஷம் அத்தை."

மெல்லிய உடுப்போடு மகளை முதுகு ஒட்ட உட்காரவைத்தார். பட்டிகளை முறுக்கில்லாமல் நீவிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். தளர்வு இருக்கிறதா என்று நர்ஸ் தோள்பக்கம் பட்டியைக் கிள்ளிப் பார்த்தார். விரல் வழுக்கியது. விடாமல் இன்னொரு முறை கிள்ளினார். பட்டியில் ஒரு மடிப்புக்கூட விழவில்லை.

"இப்ப கம்பளிய மேல போத்துங்க. கெளம்புங்க," என்றார்.

மனைவி பின்னால் மகளோடு உட்கார்ந்தாள். மாமியார் முன்னால், பெல்ட் போட்டுக்கொண்டு, உம்மென்று. முதல் திருப்பத்திலேயே ஒரு வேன் பார்க்காமல் குறுக்கே வந்தது. கட்டுக்காரர் பிரேக்கில் ஏறி நின்றார். மாமியார் மடியில் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்த பை பறந்துபோய் முன்கண்ணாடியில் மோதி, சீப்பும் மாத்திரையும் சில்லறையுமாகக் கொட்டியது.

"இவ கண்ணக்கூடத் தொறக்கலங்க!" என்று பின்னாலிருந்து மனைவி கத்தினாள்.

கட்டுக்காரருக்குச் சந்தோஷத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மாமியார் கொட்டியதில் எதையும் பொறுக்கவில்லை. வெறும் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள, அடுத்த மாசம் தடுப்பூசிக்குப் போறப்பவும் நீங்களே கட்டிடுங்க."