கொழும்பிலிருந்து வந்த தங்கை

கண்ணகி இலங்கைத் தோட்டத்தை விட்டுக் கப்பலேறி வந்து தியாகதுருகத்தில் குடியேறிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்தபின் அவளுக்கு ரத்த உறவென்று இருந்தது கொழும்பிலேயே தங்கிவிட்ட தங்கை ஜெயசுதா ஒருத்திதான். எண்பத்தேழு செப்டம்பரில் அவள் விமானத்தில் மெட்ராஸ் வந்தாள். நான்கே நாளில் திரும்ப வேண்டும்.

அதே வாரம் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். பஸ் ஓடவில்லை. கண்ணகி உளுந்தூர்பேட்டைவரை நடந்தே போனாள். அங்கே வெட்டிச் சாய்த்த புளியமரம் ரோட்டை மறித்துக் கிடந்தது.

"எங்கம்மா போய்க்கினு இருக்கீங்க? மெட்ராஸ் வரைக்கும் இப்படித்தான் கீது. வூட்டுக்குத் திரும்புங்க" என்று மறியலில் இருந்த ஒருவர் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

கிளம்பும் நாளில் ஜெயசுதா, கண்ணகி வேலை பார்த்த அரிசி மில்லுக்கு ஃபோன் செய்தாள்.

"அக்கா, கடலைத் தாண்டி ஒண்ணேகால் மணி நேரத்துல வந்துட்டேன். உங்ககிட்ட வரத்தான் வழியில்ல."

"நல்லாயிருக்கியாம்மா?" என்றாள் கண்ணகி. தங்கையின் குரல் செத்துப்போன அம்மாவின் குரலாகவே மாறியிருந்தது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

"பேசிட்டீங்களா?" என்றார் மில்காரர்.

"பேசிட்டேங்க" என்றாள். அம்மாவின் குரலைக் கேட்டவர்கள் அந்த ஊரில் யாருமில்லை.