பால்டிக் கடலுக்குப் போன வெல்டர்

தாம்பரம் மின்சார ரயிலில் தினமும் என்னோடு வந்தவர், ஒரு பட்டறையில் வெல்டர். தீக்காயத் தழும்பேறிய விரல்களால் ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டே இருப்பார். ஒருநாள் ஏன் என்று கேட்டேன்.

"போன வருசம் எங்க பட்டறைக்கு வந்த ஒரு வெள்ளக்காரரோட பாய்மரப் படகுல ரிப்பேர் வேலைக்குப் போனேன் சார், ஐரோப்பாவுக்கு. பால்டிக் கடல் பூரா சுத்தினோம். எந்தத் தீவுக்குப் போனாலும் ஊர்க்காரங்க ஓடியாந்து நம்ம படகுக் கயித்த வாங்கிக் கரையில கட்டுவாங்க, புகையில வாட்டுன மீன் குடுப்பாங்க. ஒரு தபா நான் போட்ட முடிச்சு அவுந்து, படகு பாறையில மோதிடுச்சி."

"திட்டினாரா?"

"ஒரு வார்த்த சொல்லல சார். அதான் தாங்கல. இந்த வருசமும் கூப்ட்ருக்காரு. போறேன்."

"பயமா இல்லையா?"

"கீது சார். அதுக்கோசரம் போவாம இருக்க முடியுமா?"

ஜூன் மாதம் கிளம்பிப் போனார். பயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, அதே கடலுக்குத் திரும்பப் போன வேறொருவரை நான் இன்றுவரை பார்க்கவில்லை.